தனக்கோடியின் உறுமல் வண்டி

பொய்யா, பவுனு? பிக்கப் வண்டியில எஞ்சினுக்குக் காத்து இழுக்கற கொழாய மாத்தினா சத்தம் எகிறும்டி, எந்த மெக்கானிக்க வேணா கேளு! கவுன்சிலர் தனக்கோடி தன் பிக்கப் டிரைவர் இருளப்பன்கிட்ட, "நான் வந்தா தெருவே வாசலுக்கு வரணும். அப்படி ஒரு கொழாயா பாத்து மாட்டு, இல்லேன்னா வேலைய விட்டுப் போ"ன்னுட்டாரு. அவரு கல்யாணத்துலயே நாலு மேளம் பத்தலன்னு சண்ட போட்டவரு, அது கெடக்கட்டும்.

இருளப்பன் கடையில இருந்ததுலயே பெருசா உறுமுறத மாட்டி, மாசக்கணக்கா தண்ணி வராத நம்ம தெருவுக்குள்ள அவர ஏத்திக்கிட்டு வண்டிய விட்டான். உறுமல் கேட்டதும் பொம்பளைங்க அத்தன பேரும் காலிக் கொடத்தோட வண்டிய மறிச்சுட்டாளுங்க.

"என்னடா இது?"

"நீங்க கேட்டபடி தெருவே வந்துருச்சுங்கய்யா."

"வண்டியத் திருப்புடா!"

"தண்ணி விட்டாத்தான் வழி விடுவாங்களாம்யா."

அங்கயிருந்தே தண்ணி ஆபீசுக்குப் போனப் போட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள கொழாயில தண்ணி. கேட்டதச் செஞ்சவன எப்படி வேலைய விட்டு அனுப்ப? இப்பல்லாம் தனக்கோடி நம்ம தெருவ நடந்துதான் தாண்டுறாரு, செருப்பக் கையில தூக்கிக்கிட்டு.

ஏ பவுனு, கொடம் வழியுது பாரு, உள்ள எடுத்துட்டு வா!