ஓதுவாரின் கழுத்துத் துண்டு

நாகப்பர் வெங்காய மண்டியில் ஏலம் கூவியவர். எடைக்கல்லைப் புரட்டி அடியைப் பார்க்காமல் பெற்ற தகப்பனைக்கூட நம்பாத மனுஷன்.

தலை நரைத்த பிறகு அவருக்கு ஓர் ஆசை வந்தது. கூவிக் கூவித் தேய்ந்த குரலால் ஒருநாளாவது பாட வேண்டும். தேரோட்டத்தன்று சாமிக்கு முன்னால் பதிகம் பாடப்போகிறேன் என்று மண்டி முழுக்கச் சொல்லிவிட்டு, தன்னைவிட வயதில் சின்னவரான திருமேனி ஓதுவாரிடம் போய்ச் சேர்ந்தார்.

நாகப்பருக்குக் கீழ்க்குரலில் குறையில்லை. மேலே ஏறும்போதுதான் வம்பு. நெஞ்சுக்குரல் முடிந்து மெல்லிய குரல் தொடங்கும் இடத்தில் குரல்வளை விருட்டென்று மேலே குதிக்கும். குரல் பழந்துணி மாதிரி கிழியும். குரல்வளை எங்கே ஓடுகிறது என்று பிடிப்பதற்காக, தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டேதான் பாடுவார்.

ஓதுவாருக்கோ அதே இடத்தில் குரல் வழுக்கிக்கொண்டு போகும். எப்படி?

நாகப்பருக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. சேர்ந்த அன்று ஓதுவாரின் கழுத்தில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஏதோ சாக்குச் சொல்லி, மேலே பாடாமலேயே பாடத்தை முடித்துவிட்டார். மறுநாளிலிருந்து கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. கொளுத்தும் வெயிலிலும் அவிழ்ப்பதில்லை. மேலே பாடும்போது சுவர்ப்பக்கம் வேறு திரும்பிக்கொள்கிறார். குளிக்கிற இடத்தில் பார்த்துவிடலாம் என்று ஆற்றுக்குப் போனால், மனுஷன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றல்லவா பாடுகிறார்!

‘துண்டைப் போட்டுக் குரல்வளையைக் கட்டி நிறுத்துகிறான். வித்தையை என்னிடம் மறைக்கிறான், கள்ளன்!’

வீட்டில் தானும் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிப் பாடிப் பார்த்தார். கண் பிதுங்கியதுதான் மிச்சம்.

தேருக்கு முதல்நாள் குரல் மறுபடியும் கிழிந்தது. நாகப்பரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“ஓதுவாரய்யா, தப்பா நினைக்காதீங்க. அந்தத் துண்டுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?”

“கழுத்து.”

“விளையாடாதீங்க. நாளைக்கு மண்டிக்காரன் பூரா கைகொட்டிச் சிரிப்பான்.”

ஓதுவார் துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார்.

“விரலை வையுங்க.”

நாகப்பர் ஓதுவாரின் தொண்டையில் விரலை வைத்தார். ஓதுவார் பாடினார். கீழே பாடும்போது குரல்வளை இறங்கியது. மேலே போகப்போக ஏறியது. எல்லாம் நாகப்பருடையதைப் போலத்தான். கட்டும் இல்லை, மாயமும் இல்லை. அந்த இடம் வந்தது. விரலுக்கடியில் விருட்டென்று ஒரு குதி.

ஓதுவாரின் குரல் கிழிந்தது.

நாகப்பருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உங்களுக்குமா!”

“கையை எடுங்க.”

ஓதுவார் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பாடினார். குரல்வளை அதேபோலக் குதித்ததை நாகப்பர் கண்ணாலேயே பார்த்தார். குரல் மட்டும் இழை பிசகாமல் மேலே போய் நின்றது. நாகப்பருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இப்பவும் குதிச்சுதே?”

“குதிக்கத்தான் செய்யும்.”

“அப்ப துண்டு எதுக்கு?”

“வந்த அன்னிக்கு என் தொண்டையையே உத்துப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அன்னிக்கு முழுக்க எனக்கு மேலே பாடவே வரல.”

நாகப்பர் விடாமல் கேட்டார்: “சரிங்கய்யா, உங்க தொண்டையை நான் பார்த்தேன். என் தொண்டையை எவன் பார்க்கிறான்?”

கேட்கும்போதே அவருடைய இரண்டு விரல்களும் பழக்கத்தில் தொண்டைக்குப் போயிருந்தன.

ஓதுவார் எழுந்து மாடத்திலிருந்து கைத்தாளத்தை எடுத்துவந்து அவரிடம் நீட்டினார்.

“நாளைக்கு ரெண்டு கையாலயும் இதைப் போட்டுக்கிட்டே பாடுங்க.”