சுக்குப்பால் சாவடிக்கு வந்த கல்யாணத் தரகர்

ஒரு வீடு. அதற்கு ஒரே கதவு. திறந்துவைத்தால் உள்ளே இருப்பவர்களின் பேச்சு நின்றுபோகும். சாத்தினாலோ வெளியே இருப்பவர்களின் கூச்சல் தொடங்கிவிடும். அந்தக் கதவை என்ன செய்வது? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

புன்னையூரில் ஆற்றங்கரை ஓரமாக அல்லிக்கோதை ஒரு சாவடி நடத்தினாள். மாலையில் சுடச்சுடச் சுக்குப்பாலும் பணியாரமும் கிடைக்கும். ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் வேலை முடிந்ததும் அங்கேதான் வருவார்கள். ஊரில் வேறெங்கும் தோளோடு தோள் சாய்ந்து உட்கார அவர்களால் முடியாது. இங்கே முடிந்தது. அல்லிக்கோதையும் பால் காய்ச்சிக்கொண்டே தன் துணைவியோடு வாய்ச்சண்டை போடுவாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு ஊருக்குள் கேட்டுவிட்டது. வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் கிளம்பியது. வறுத்த கடலையை மடியில் கட்டிக்கொண்டு வந்து நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"அதோ, அந்த ரெண்டு பேரைப் பாரேன்!"

"எங்கே? தலையைக் கொஞ்சம் நகர்த்துடா, மறைக்குது!"

அந்த இரண்டு பேரும் மறுநாள் வரவில்லை. அடுத்த வாரம் இன்னும் பலர் வரவில்லை. அல்லிக்கோதை கரண்டியோடு கதவடியில் வந்து நின்றாள். 'எங்களவருக்கு மட்டும்' என்று சொல்லி, மற்றவர்களை வாசலிலேயே தடுத்தாள்.

அப்படித் தடுக்கப்பட்ட கடலைக் கூட்டத்தில் ஒருவரான சுங்க அதிகாரி மருதபூபதி நேரே அரசர் நன்னிமாறனிடம் போய் நின்றார்.

"அரசே, இன்று இவர்கள் எங்களைத் தடுக்கிறார்கள். நாளை வணிகர் சத்திரத்தில் 'உங்களுக்கு இடமில்லை' என்று இவர்களைத் தடுத்தால்? அப்போது மட்டும் அழுதுகொண்டு இங்கே வருவார்கள்!"

அரசர் தலையசைத்தார். அது நியாயமாகத்தான் பட்டது.

"மற்ற எல்லாச் சத்திரமும் அவர்களுக்குத்தான், அரசே," என்றாள் விசாரணைக்கு அழைத்துவரப்பட்ட அல்லிக்கோதை. "எங்களுக்கு இருப்பது இந்த ஒன்றுதான். இவர்கள் வந்து உட்கார்ந்தால் எங்கள் ஆட்கள் எழுந்து போய்விடுகிறார்கள்."

அரசர் மறுபடியும் தலையசைத்தார். அதுவும் நியாயமாகவே பட்டது. இரண்டு நியாயத்துக்கு நடுவில் அகப்பட்டவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கதவைச் சாத்தக் கூடாது. யாரையும் போ என்று சொல்லக் கூடாது. நீ யாரை விரும்புகிறாய் என்று ஒருவரையும் கேட்கக் கூடாது. ஆனால் பௌர்ணமிக்குள் வேடிக்கை பார்க்கிற கூட்டம் அங்கே இருக்கக் கூடாது. இருந்தால், தினமும் இந்தச் சண்டையைக் கேட்க எனக்குப் பொறுமையில்லை, சாவடியை இடித்துவிடுவேன்!"

அல்லிக்கோதைக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது அரசவை விகடகவி தேனப்பன் எழுந்தார்.

"அரசே, வருகிறவர்களை உபசரிக்கலாமா?"

"தாராளமாக."

"ஊர் வழக்கப்படி?"

"ஊர் வழக்கப்படியே செய்."

அன்று மாலை தேனப்பன் சாவடிக்குள் வந்த கோலத்தைப் பார்த்து அல்லிக்கோதை கரண்டியைக் கீழே போட்டாள். கக்கத்தில் குடை, கையில் தாம்பூலத் தட்டு, இடுப்பில் ஒரு கட்டு ஜாதகம். அசல் கல்யாணத் தரகர்!

மருதபூபதி தன் கூட்டத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தேனப்பன் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

"ஐயாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?"

"இன்னும் இல்லை."

"ஐயையோ! வயது நாற்பது இருக்குமே! கவலையை விடுங்கள். ஒரு நல்ல மாப்பிள்ளை இருக்கிறார். சொந்தச் செக்கு, ரெண்டு மாடு. மீசையைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்."

"மாப்பிள்ளையா? யோவ், நான் ஆண்!"

"அதெல்லாம் ஒரு குறை என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். பெருந்தன்மையான குடும்பம்."

"எனக்கு அதில் விருப்பமே இல்லையய்யா!"

"விருப்பமா? அது கல்யாணம் ஆனால் தானாக வரும்."

சாவடியே குலுங்கிச் சிரித்தது. அந்த வார்த்தையைத் தங்கள் வீட்டில் கேட்காதவர் அங்கே ஒருவரும் இல்லை.

"உங்கள் அம்மாவை நினைத்துப் பாருங்கள்," என்று தேனப்பன் விடாமல் தொடர்ந்தார். "நாலு பேர் என்ன பேசுவார்கள்? ஒருமுறை வந்து பார்த்தால்தான் என்ன?"

கடலைக் கூட்டம் மெல்ல எழுந்தது. "நீங்கள் எங்கே போகிறீர்கள், தம்பி? உங்களுக்கும் ஒரு நெசவாளர் இருக்கிறார்!" கூட்டம் ஓடியது. வேடிக்கை பார்க்க வந்த பெண்களுக்கோ, மூக்கும் முழியுமாக ஒரு பூக்காரியின் ஜாதகம் தயாராக இருந்தது. அவர்களும் ஓடினார்கள்.

மகனோடு வந்திருந்த ஒரு தாய் மட்டும் நகரவில்லை. "எனக்கு வேண்டாமப்பா," என்றாள். "இவனுக்குப் பாருங்கள். பையன் கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லது." அவளுக்கு அல்லிக்கோதை இன்னொரு குவளைப் பால் ஊற்றினாள்.

மருதபூபதிக்கு அதோடு முடியவில்லை. மறுநாள் காலை பழத்தட்டோடு தேனப்பன் அவர் வீட்டு வாசலில் நின்றார். மருதபூபதி கொல்லை வழியாக அரண்மனைக்கு ஓடினார்.

"அரசே! அவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளட்டும்! எங்களைத் தடுக்கட்டும்! உடனே ஆணையிடுங்கள்!"

நடந்ததைக் கேட்ட அரசர், பின்னாலேயே வந்து சேர்ந்த தேனப்பனையும் அல்லிக்கோதையையும் முறைத்தார். "யாரை விரும்புகிறாய் என்று கேட்கக் கூடாது என்று சொன்னேனே!"

"கேட்கவே இல்லை, அரசே," என்றார் தேனப்பன். "நம் ஊரில் கல்யாணம் பேசுகிறவர்கள் என்றைக்கு அதைக் கேட்டிருக்கிறார்கள்?"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தேனப்பன் தோளில் பரிசாக ஒரு பட்டுச் சால்வை விழுந்தது. பிறகு ஒரு தட்டு வந்தது. அதில் ஒரு வெள்ளித் தாழ்ப்பாள், ஒரு வெள்ளி மணி.

"சாவடியை இனி யாரும் தொடமாட்டார்கள், அம்மா. தாழ்ப்பாளை எடுத்தால் யாரை வேண்டுமானாலும் தடுத்துக்கொள். மணியை எடுத்தால் வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கட்டும். ஒன்றுதான்."

அல்லிக்கோதையின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. மகனோடு வந்த தாயை நினைத்ததும் கை நின்றது. மணியைப் பார்த்தாள். கடலைக் கூட்டத்தை நினைத்தாள். தீர்மானிக்க முடியாமல், அரசரின் அருகே நின்ற ஆறு வயது இளவரசி செண்பகத்திடம் தட்டை நீட்டினாள்.

"நீங்கள் சொல்லுங்கள், கண்ணே. எது?"

"தாழ்ப்பாள், தங்கம், தாழ்ப்பாள்!" என்று மருதபூபதி கெஞ்சினார்.

இளவரசி மணியை எடுத்தாள். தேனப்பன் இடுப்பில் இருந்த ஜாதகக் கட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.