காவல் கிளை யாருக்குச் சொந்தம்?

மலையடிக் காட்டில் கோடையிலும் வற்றாத குளம் ஒன்று இருந்தது. அதன் கரையில் ஒரு மருதமரம். தண்ணீரை நோக்கி நீண்டிருந்த அதன் கிளைக்குக் காவல் கிளை என்று பெயர். அதில் உட்காரும் உரிமை மயூரநாதர் என்ற மயிலுக்கு மட்டுமே. அவருடைய தாத்தா உட்கார்ந்தார், அப்பா உட்கார்ந்தார், ஆகையால் அவரும் உட்கார்ந்தார்.

வேலை சின்னதுதான். காலையில் மான்கள் தண்ணீர் குடிக்க வரும். குனிந்து குடிக்கிற மானுக்குப் பின்னால் வருவது தெரியாது. சிறுத்தை வந்தால் மேலிருந்து கத்த வேண்டும். அதற்கு மரியாதையாகக் குளத்தின் முதல் மிடறு காவல்காரருக்கு. அவர் அலகை நனைக்கும்வரை யாரும் வாய் வைக்க மாட்டார்கள். மயூரநாதருக்குக் கத்துவதைவிட இந்த மிடறுதான் பிடிக்கும். எல்லாரும் காத்து நிற்க, ஆற அமரக் குடிப்பார்.

ஒருநாள் அவர் கிளையில் உட்கார்ந்து தோகையைக் கோதிக்கொண்டிருந்தார். ஒரு இறகு மடங்கிவிட்டது. அதை நேராக்குவதில் காடே மறந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து நாணல் மறைவில் சிறுத்தை வந்தது.

கரையோரக் கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள் காத்தாயி. அவள் ஆட்காட்டிக் குருவி. மரக்கிளையில் உட்காரத் தெரியாத, தரையிலேயே பிறந்து தரையிலேயே வளரும் சாதி. சிறுத்தையைப் பார்த்ததும் தொண்டை கிழியக் கத்தினாள். மான்கள் சிதறி ஓடின. சிறுத்தை வெறும் வாயோடு திரும்பியது.

மறுநாள் காலை ஒரு மான்குட்டி நேராகக் காத்தாயியிடம் போனது.

"அத்தை, இன்னைக்கு முதல் மிடறு நீங்க குடிங்க."

காத்தாயிக்குக் கூச்சம். "எனக்கெதுக்குடா கண்ணு? நேத்துப் பார்த்தேன், கத்தினேன். அவ்வளவுதான்" என்றாள். குட்டி விடவில்லை. அவளும் ஒரு வாய் குடித்துவிட்டு முட்டைகளிடம் ஓடினாள்.

கிளையிலிருந்த மயூரநாதர் இதைப் பார்த்தார். ஒரு வாய்த் தண்ணீர். குளம் குறைந்துவிடவில்லை. ஆனால் அவர் வயிற்றில் தீப்பற்றியதுபோல் எரிந்தது. அன்று முழுக்க இரை இறங்கவில்லை. யார் யார் காத்தாயி பக்கம் திரும்பினார்கள், யார் அவளிடம் சிரித்தார்கள் என்று கவனிப்பதே வேலையாகிவிட்டது. மேகம் கூடியது, தோகையை விரிக்கவில்லை. அவள் கத்தாமல் இருந்தாலும் அவள் குரல் காதில் கேட்டது. இவ்வளவு அசிங்கமான குரலை எல்லாரும் நல்ல குரல் என்கிறார்களே என்று பொருமினார். மயிலின் குரல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அவருக்குத்தான் யாரும் சொன்னதில்லை.

இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் மான்களின் தலைவர் கவைக்கொம்பரிடம் வழக்குக் கொண்டுபோனார்.

"காவல் என்பது பிறப்பால் வருவது. எங்கள் மூதாதை முருகப் பெருமானைச் சுமந்தவர். இவளோ மண்ணில் பொரிந்தவள். இவள் குரல் கொடுக்கலாமா? முதல் மிடறு குடிக்கலாமா?"

சின்னப்புள்ளி என்ற பெண்மான் குறுக்கிட்டாள். "முருகனைச் சுமந்தது நீங்களா?"

"நான் அல்ல. என் மூதாதை."

"அப்ப முதல் மிடறை அவருக்கே குடுத்துடலாமே. குணத்தைப் பார்த்துத்தானே காவலுக்கு வைக்கணும்? அன்னைக்குத் தூங்காம முழிச்சிருந்தது யாரு?"

"குணமே பிறப்பில்தான் வருகிறது, பெண்ணே. நல்ல குலத்தில் பிறந்தவனுக்குக் குணம் தானாக இருக்கும். தேட வேண்டியதில்லை."

"அன்னைக்கு எங்க போச்சு அது?"

மான்கள் சிரித்தன. கவைக்கொம்பர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நல்லவர்தான். ஆனால் அவரும் அப்பாவுக்குப் பிறகு தலைவரானவர். இன்றைக்கு மயிலின் கிளையைக் கேட்பார்கள், நாளைக்கு என் பதவியையும் கேட்பார்களே என்ற பயம் அவருக்குள் புகுந்துகொண்டது.

"பெரியவங்க வச்ச முறையை மாத்த முடியாது" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "காத்தாயி, இனிமே நீ கத்தக்கூடாதும்மா. கத்தினாலும் யாரும் காதுல வாங்கக்கூடாது. மயூரநாதர் குரல் கேட்டாத்தான் ஓடணும்."

காத்தாயி தலையை ஆட்டினாள். பிறகு ஒன்று சொன்னாள். "ஐயா, பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருக்க எனக்கு வராது. யாரும் கேக்காட்டிப் போகட்டும்."

மயூரநாதர் வெற்றியோடு வீடு திரும்பினார். அவர் மனைவி வடிவு மூன்று குஞ்சுகளுக்கு இரை பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மண்ணில் பொரிந்தவளை அடக்கிவிட்டு வருகிறேன்" என்றார்.

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எங்க பொரிஞ்சீங்களாம்?"

"ஏன் கேட்கிறாய்?"

"உங்கம்மா உங்களைப் பொரிச்சது அந்தக் காரைப்புதருக்கு அடியில. இதுங்க மூணையும் நான் பொரிச்சதும் அங்கதான். மயிலு எங்கயாவது மரத்துல முட்டை போட்டு நீங்க பார்த்திருக்கீங்களா? தோகை முளைச்சதும் மண்ணு மறந்துபோச்சாக்கும்."

மயூரநாதர் பறந்துபோய்த் தன் கிளையில் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் காத்தாயி நன்றாகத் தெரிவாள். அதுதான் கஷ்டம்.

சில நாள் கழித்து ஒரு காலை. வெயில் ஏறுமுன்பே மான்கள் குளத்துக்கு வந்துவிட்டன. மயூரநாதர் முதல் மிடறைக் குடித்துவிட்டுக் கிளையில் ஏறினார். மான்கள் குனிந்தன.

காத்தாயி கத்தினாள்.

மான்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தன. ஓடவில்லை. ஓடக்கூடாது என்பது உத்தரவு. எல்லாக் கண்களும் கிளையைப் பார்த்தன.

மயூரநாதரும் பார்த்தார். வடக்குப் பக்கம், நாணலுக்குள், ஒரு வால் நுனி அசைந்தது. மஞ்சள் தோலும் கரும்புள்ளியும் தெளிவாகத் தெரிந்தன. கத்துவதற்காகக் கழுத்தை நீட்டினார்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இவள் கத்திய பிறகு நான் கத்தினால் என்ன ஆகும்? இவள் சொன்னது சரி என்று ஆகும். இவளுக்கு நான் பின்பாட்டுப் பாடியதாக ஆகும். சின்னப்புள்ளி சிரிப்பாள். குட்டிகள் மறுபடியும் அத்தை அத்தை என்று ஓடும்.

நீட்டிய கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஒன்றுமில்லை. குடியுங்கள்" என்றார்.

மான்கள் குனிந்தன. காத்தாயி மறுபடியும் கத்தினாள். யாரும் நிமிரவில்லை. அந்த நேரத்தில் காரைப்புதரிலிருந்து வடிவு வெளியே வந்தாள். பின்னால் மூன்று குஞ்சுகள் வரிசையாக நடந்து வந்தன. கணவரின் வார்த்தை அவளுக்கும் கேட்டிருந்தது. ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார். நாணலை ஒட்டியே தண்ணீருக்கு வந்தாள்.

சிறுத்தை மானை விட்டது. இவ்வளவு பக்கத்தில், பறக்கத் தெரியாத மூன்று குஞ்சுகள். நாணலை விலக்கிக்கொண்டு பதுங்கிப் பதுங்கி வந்தது.

மயூரநாதர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. பிறந்ததிலிருந்து இருந்த குரல் அது. அன்று வரவில்லை.

காத்தாயி முட்டைகளை விட்டு எழுந்தாள். சிறுத்தையின் மூக்குக்கு முன்னால் போய் விழுந்தாள். ஒரு இறக்கையை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்தபடி நொண்டினாள். சிறுத்தை அவளைப் பார்த்துப் பாய்ந்தது. ஒரு முழம் தள்ளிப்போய் விழுந்தாள். மறுபடியும் பாய்ந்தது. மறுபடியும் நொண்டினாள். இப்படியே குளக்கரையைத் தாண்டி, மேட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய்விட்டுச் சட்டென்று மேலே பறந்தாள். அதற்குள் மான்கள் எதிர்க்கரைக்கு ஓடிவிட்டன. வடிவு குஞ்சுகளைப் புதருக்குள் தள்ளிவிட்டாள்.

காத்தாயி திரும்பி வந்தபோது கூழாங்கற்களுக்கு நடுவே இரண்டு முட்டைகள்தான் முழுதாக இருந்தன. மற்ற இரண்டின் மேல் சிறுத்தையின் கால் பட்டிருந்தது. மீதி இரண்டின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கவைக்கொம்பர் தலையைக் குனிந்துகொண்டே வந்தார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. இனிமே காவல் உனக்குத்தான். உனக்கு மட்டுமில்ல, உன் பிள்ளைங்களுக்கு, பேரப்பிள்ளைங்களுக்கு. ஆட்காட்டி குலத்துக்கே எழுதி வச்சாச்சு."

கிளையிலிருந்த மயூரநாதருக்கு அப்போதும் வயிறு எரிந்தது. பெற்ற குஞ்சுகள் பிழைத்த நிம்மதியைவிட அந்த எரிச்சல் பெரிதாக இருந்தது.

"வேணாம் ஐயா" என்றாள் காத்தாயி. "ரெண்டுதான் மிச்சம். உள்ள இருக்கிறது தைரியசாலியா, பயந்தாங்கொள்ளியான்னு பெத்தவ எனக்கே தெரியாது. அதுங்களுக்கு இப்பவே காவலைக் குடுத்தா, நாளைக்கு அதுங்களும் இறகைக் கோதிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். யாரு பார்த்துக் கத்துறாங்களோ, அன்னைக்கு அவங்கதான் காவல். அணில் கத்தினாலும் ஓடுங்க."

கவைக்கொம்பர் சரி என்று தலையசைத்தார்.

வடிவு மருதமரத்தடிக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவ கத்தினப்ப நீங்க அதைப் பார்த்தீங்களா, பார்க்கலையா?"

பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். நாணல் மறைத்தது என்றால் எல்லாரும் நம்புவார்கள். மயூரநாதர் குஞ்சுகளைப் பார்த்தார். மூன்றும் அம்மாவின் இறக்கைக்கடியில் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"பார்த்தேன்" என்றார்.

வடிவு குஞ்சுகளை அழைத்துக்கொண்டு எதிர்க்கரைக்கு நடந்தாள். அந்தக் கோடை முழுவதும் அவள் அந்த மரத்தின் பக்கம் வரவே இல்லை.

பிறப்பால் ஒருவருக்கு உயர்ந்த இடம் கிடைக்கலாம், ஆனால் உயர்வைத் தருவது குணம் மட்டுமே. அடுத்தவர் குணத்தைக் கண்டு பொறாமைப்படுகிறவர் தன் கண்ணால் பார்த்த உண்மையையும் விழுங்கி, தன் பிள்ளைகளையே ஆபத்தில் தள்ளிவிடுவார்.