மைக்கா, ரேடியோவா?

"மேடம், என்னைத் திரும்பவும் படகுக்கே அனுப்பிருங்க" என்றார் லூயிஸ் மச்சாது.

ரிஸ்வானா மேடம் கோப்பிலிருந்து நிமிர்ந்தார். "ஏன் அண்ணாச்சி, கடல் கூப்பிடுதா?"

"கடல்ல எவன் கள்ளன், எவன் மீன்காரன்னு பாத்த ஒடனே சொல்லிருவேன். இங்க ஒரு பெட்டி என்னன்னு மூணு வாரமாத் தெரியலை."

தூத்துக்குடி சுங்க அலுவலகத்தில், கோப்புகள் நாடா கட்டி வந்துகொண்டிருந்த காலத்தில் நடந்தது இது.

மச்சாதுவுக்கு வயது ஐம்பத்தைந்து. இருபத்தெட்டு வருஷம் ரோந்துப் படகில் உப்புக்காற்றைக் குடித்து வளர்ந்த உடம்பு. பதவி உயர்வு என்று சொல்லி அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து எந்தச் சரக்கு வந்தாலும் வரிப்புத்தகத்தில் அதற்கென்று ஒரு தலைப்பு உண்டு. அந்தத் தலைப்பைக் கண்டுபிடித்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் வேலை.

அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர் ரிஸ்வானா மேடம். காயல்பட்டினத்துக்காரர். மச்சாதுவைவிடப் பத்தொன்பது வயது இளையவர். அவர் பாடம் எடுத்து யாரும் பார்த்ததில்லை. அவரிடம் இருந்துவிட்டுப் போனவர்கள் மட்டும் வேலை தெரிந்தவர்களாகப் போனார்கள். அது எப்படி என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியாது.

"என்ன பெட்டி?"

"கம்பியில்லாத மைக் செட்டு. உப்பளச் சாலையில காது மந்தமான பிள்ளைங்க பள்ளிக்கூடம் இருக்குல்லா, அவங்க வரவழைச்சது."

மைக் என்று எழுதினால் வரியைக் கட்டிவிட்டு இன்றைக்கே எடுத்துப் போகலாம். ரேடியோ கருவி என்று எழுதினால் டெல்லியிலிருந்து அனுமதி வர வேண்டும். அந்த நாளில் அதற்கு ஒரு வருஷம் ஆகும். செவிக்கருவி என்று எழுதினாலோ வரியே கிடையாது. பக்கத்தைப் புரட்டப் புரட்ட, மூன்றுமே சரி என்று மச்சாதுவுக்குத் தோன்றியது.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது மேடம். அந்த ஜெபக்கனி டீச்சர் தெனமும் வந்து வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க."

"நீங்க என்ன நினைக்கீங்க?"

மச்சாது ஒரு வரைவுத் தாளை நீட்டினார். ரேடியோ கருவி என்று இருந்தது.

"காரணம்?"

"அலை போகுது மேடம். நாளைக்குத் தணிக்கைக்காரன் வந்து, ஏன் விட்டேன்னு கேட்டா நான் என்ன சொல்ல? ரிட்டயர் ஆக அஞ்சு வருஷம் இருக்கு."

ரிஸ்வானா மேடம் தாளை வாங்கி நாலாக மடித்தார். குனிந்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் ஒரு காலுக்கு அடியில் செருகினார்.

"பயத்துக்குப் புத்தகத்துல தலைப்பு இல்ல அண்ணாச்சி."

மச்சாது வெளியே வந்தார்.

பெஞ்சில் இருந்த ஜெபக்கனி டீச்சர் எழுந்து நின்றார். அவர் பேசினால் உலர்ந்த ஓலையை இழுப்பதுபோல இருக்கும். கொஞ்ச நஞ்சம் காது கேட்கிற பிள்ளைகள் பதினாலு பேர். அவர்கள் காதில் விழ வேண்டுமே என்று இருபது வருஷமாகக் கத்திக் கத்தித் தொண்டையில் காய்ப்புக் காய்த்துவிட்டது.

"இனிமே கத்தினா இருக்கிற சத்தமும் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு சார். திங்கக்கிழமை நான் வகுப்புக்குப் போணும். எனக்குப் பதிலா வேற ஆளு இல்ல."

"பாப்போம் டீச்சர்."

"வரி எவ்வளவுன்னாலும் கட்டிருவோம் சார். என்ன ஏதுன்னு மட்டும் சொல்லிருங்க."

மச்சாதுவுக்கு மனசு கேட்கவில்லை. முரட்டு ஆள்தான், ஆனால் இளகினால் வெண்ணெய். அன்று சாயங்காலமே இன்னொரு தாள் எழுதிக்கொண்டு போனார். செவிக்கருவி, வரி இல்லை என்று இருந்தது.

"காரணம்?"

"பாவம் மேடம், அந்த டீச்சர்."

ரிஸ்வானா மேடம் அதையும் மடித்தார். இன்னொரு காலுக்கு அடியில் செருகினார்.

"இரக்கத்துக்கும் தலைப்பு இல்ல."

மேசை ஆடுவது நின்றுபோனது. மச்சாது ஆடிக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னதான் எழுதச் சொல்லுதீங்க மேடம்?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "விலைப்பட்டியலை வரி வரியாப் படிச்சேன். கம்பெனி அனுப்பின படத்தைப் பாத்தேன். விதியை மூணு தடவை படிச்சேன். கொச்சியில என்ன எழுதினாங்க, மும்பையில என்ன எழுதினாங்கன்னு எல்லாத்தையும் வாங்கிப் பாத்துட்டேன். இன்னும் என்ன பாக்கணும்?"

"பெட்டி என்ன நிறம்?"

மச்சாது கையிலிருந்த விலைப்பட்டியலைப் புரட்டினார். நிறம் அதில் இல்லை.

சரக்கை இறக்கி வைக்கும் துறைமுகக் கிட்டங்கி அங்கிருந்து இருநூறு எட்டு வைக்கிற தூரம்தான். மூன்று வாரமாகப் பெட்டி அங்கேதான் கிடந்தது. ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. இது அந்த அலுவலகத்து நாற்காலிகளுக்கே உள்ள வியாதி. காகிதம் கையில் இருந்தால் சரக்கு கண்ணுக்குத் தெரியாது. படகில் இருந்த காலத்தில் மூடியிருந்த ஒரு மீன்கூடையைக்கூட அவர் திறக்காமல் விட்டதில்லை. அந்த ஆள் எங்கே போனான் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே கிட்டங்கிக்குப் போனார். ஜெபக்கனி டீச்சரையும் கூட வரச்சொன்னார். மூட்டை தூக்கும் சுடலைமணி வந்து பெட்டியை இறக்கி வைத்தான்.

நீலப் பெட்டி.

உள்ளே கட்டைவிரல் நீளத்தில் ஒரு மைக். இடுப்பில் மாட்ட ஒரு சின்னப் பெட்டி. சத்தத்தை வாங்குவதற்கு இன்னொரு பெட்டி, அதில் மாட்டிக் கேட்கப் பதினாலு ஹெட்போன். விளக்கப் புத்தகத்தில் ஒரு பாடகர், ஒரு பாதிரியார், ஒரு உடற்பயிற்சிக்காரி என்று மூன்று பேர் மைக்கை மாட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

"டீச்சர், இதை மாட்டிக்கிட்டு அந்தக் கடைசிக்குப் போங்க."

டீச்சர் சேலையில் மைக்கைக் குத்திக்கொண்டு நடந்தார். முந்திரி மூட்டை அடுக்குக்குப் பின்னால் மறைந்துபோனார். மச்சாது ஒரு ஹெட்போனைத் தலையில் மாட்டினார்.

"பேசட்டுமா சார்?"

மச்சாது திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் சுடலைமணி மட்டும்தான் நின்றான்.

"என்ன பேசன்னு தெரியலை. பிள்ளைங்க பேரைச் சொல்லுதேன்." டீச்சர் வருகைப் பதிவேட்டை ஒப்பித்தார். "அபிஷா. இசக்கிராஜ். மரிய ஜெனிதா. காதர் மைதீன்..."

கத்தவில்லை. வீட்டில் சோறு போடும்போது பேசுவதுபோலச் சொன்னார். ஏழாவது பேரில் நிறுத்தி, "இப்படி மெதுவா அதுங்க பேரை நான் சொன்னதே இல்ல சார்" என்றார்.

படகு எஞ்சினுக்கு இருபத்தெட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து மந்தமாகிப்போன மச்சாதுவின் இடது காதில்கூட அது தெளிவாக விழுந்தது. அவருக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு ஹெட்போனைக் கழற்றிச் சுடலைமணியிடம் கொடுத்தார்.

"ஏல, ஒனக்குக் காது நல்லாக் கேக்கும்லா? இதுல எப்படிக் கேக்கு?"

"டீச்சர் என் பக்கத்துல நிக்க மாதிரி இருக்கு சார்."

"கூடக் கொறைய இல்லையா?"

"இல்ல சார். அப்படியே இருக்கு."

மச்சாது தலையாட்டிக்கொண்டார். பிறகு டீச்சரைக் கூப்பிட்டு மைக்கை மட்டும் அணைக்கச் சொன்னார். வாங்கும் பெட்டி வாயடைத்து நின்றது; வேறு எந்த ஸ்டேஷனும் அதில் வரவில்லை. மறுபடி போடச் சொன்னார். குரல் வந்தது. மைக்கை இடுப்புப் பெட்டியிலிருந்து பிடுங்கிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் இப்படியே விளையாடினார். படகை விட்டு வந்தபிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்ததில்லை.

அலுவலகத்துக்கு வந்து ஒரே வரி எழுதினார். மைக் செட்டு, மொத்தமும் ஒரே தலைப்பு.

ரிஸ்வானா மேடம் தாளைக் கையில் வாங்கினார். மச்சாதுவின் கண் மேசைக்கால் பக்கம் போனது.

"காரணம்?"

"உள்ள போறது குரல், வெளிய வாறதும் அதே குரல். நடுவுல கம்பிக்குப் பதிலாக் காத்து. அவ்வளவுதான் மேடம். ரேடியோ இல்ல."

"செவிக்கருவி?"

"அதுவும் இல்ல. செவிடனுக்கும் ஒண்ணுதான், சுடலைமணிக்கும் ஒண்ணுதான். பாட்டுக்காரனும் மாட்டுதான், பாதிரியாரும் மாட்டுதாரு. டீச்சர் வரி கட்டித்தான் ஆகணும்."

"தணிக்கைக்காரன் வந்து கேட்டா?"

"கிட்டங்கிக்குக் கூட்டிட்டுப் போயி, இதே மாதிரி அடுத்து வாற செட்டைக் காதுல மாட்டி விடுவேன்."

ரிஸ்வானா மேடம் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். மச்சாது நின்றபடியே கையெழுத்துப் போட்டார். மத்தியானத்துக்குள் டீச்சர் வரியைக் கட்டிவிட்டு, ஆட்டோவில் நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

மச்சாது திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? இது மைக்தான்னு மொத நாளே ஒங்களுக்குத் தெரியும்லா?"

ரிஸ்வானா மேடம் அடுத்த கோப்பின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? நான்தான் அந்தப் பெட்டியைப் பாக்கவே இல்லையே."