எந்த அச்சு நல்லது, ரீச்சர்?

ஆல்பர்ட்டாவில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்த குலசிங்கத்தார் ஐம்பத்தாறு வயதில் மறுபடியும் சீடனானார். குரு நிரோஜா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அந்த ஊர்ச் சுடுகழகத்தில் குறிபார்க்கப் பழக்குகிறவர். குலசிங்கத்தார் அவரை “ரீச்சர்” என்றுதான் கூப்பிடுவார்.

பிறந்த ஊரில் துவக்கைக் கண்டால் வேலி பாய்ந்து ஓடிய மனிசன் இவர். இங்கே ஓநாய் வந்து ஆட்டை இழுக்கத் தொடங்கியதும் வேறு வழியில்லாமல் ஒரே அளவில் இரண்டு துவக்கு வாங்கினார். ஒன்று தனக்கு, மற்றது மனைவி யோகராணிக்கு. பிறகு கடையில் துவக்கு ரவை கிடைப்பது அருமையாகிவிட்டது. சுட்டு விழுந்த பித்தளைக் கோதுகளை அச்சில் நெருக்கி, வெடிமருந்தும் ஈயச் சன்னமும் இட்டுத் தானே ரவை செய்வதென்று தீர்மானித்தார். தீர்மானித்த நாளிலிருந்து அவருக்குச் சரியான நித்திரை இல்லை.

“எந்த அச்சு நல்லது, ரீச்சர்?”

“வீட்டில இருக்கிற துவக்கைக் கொண்டு வாங்கோ.”

“அச்சு வாங்கிறதுக்குத் துவக்கு ஏன்?”

“கொண்டு வாங்கோ, அண்ணை.”

அடுத்த ஞாயிறு தன்னுடையதைக் கொண்டுபோனார். நிரோஜாவின் கராஜில்தான் பட்டறை.

“வீட்டில துவக்கு இவ்வளவும்தானோ?”

“ஓம்.”

பொய் சொல்ல அவர் நினைக்கவில்லை. மற்றது நினைவில் வரவில்லை, அவ்வளவுதான்.

நிரோஜா அந்தத் துவக்கில் சுட்ட வெறுங்கோது ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்து, துவக்கின் பூட்டை முன்னால் தள்ளிப் பூட்டினார். தடங்கலில்லாமல் போனது.

“வெடிக்கேக்க கோது விரிஞ்சு, சுட்ட துவக்கின்ரை அளவுக்கே வந்திடும்.” மேசையில் இருந்த இரண்டு அச்சுகளைக் காட்டினார். “இது கழுத்தை மட்டும் நெருக்கும், சன்னம் பிடிச்சு நிக்க. உடம்பைத் தொடாது. மற்றது முழுக் கோதையும் நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்.”

“எதால குறி தப்பாது?”

“இந்தத் துவக்குக்கு மட்டும் எண்டால், கழுத்து அச்சு.”

குலசிங்கத்தாரின் காதில் விழுந்தது கடைசி இரண்டு சொல்தான். மறுநாளே கழுத்து அச்சு வாங்கினார்.

மருந்தை மூன்று முறை நிறுத்தார். நிறுத்ததை எழுதினார். எழுதியது சரியோ என்று பார்க்கத் திரும்பவும் நிறுத்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அவருக்குக் கோதில் இருந்த விரல் அடையாளம்கூட வெடிப்பாகத் தெரிந்தது. “தேத்தண்ணி ஆறுது” என்று யோகராணி வந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு தீங்கும் நடக்கவில்லை. கழகத்தில் ஐந்து ரவை சுட்டார். கடதாசியில் விழுந்த ஐந்து ஓட்டையையும் ஒரு டொலர் நாணயக் குத்தியால் மறைக்கலாம். அந்தச் சந்தோசத்தில் தன் துவக்கில் சுட்ட கோதுகளிலேயே யோகராணிக்கும் ஒரு பெட்டி நிறைத்துக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து ஒரு காலை, அவர் கழகத்தில் கடதாசிக்குக் குறிபார்த்துக்கொண்டிருந்தபோது யோகராணியிடமிருந்து தொலைபேசி வந்தது.

“இஞ்சாருங்கோ, துவக்குப் பூட்டுதில்லை. ரவை பாதியில நிக்குது.”

“உமக்குக் கை பழகேல்லை. இறுக்கித் தள்ளும்.”

அழைப்பு அறுந்துவிட்டது. அவர் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது சினை ஆடு ஒன்று குறைந்திருந்தது. யோகராணி குசினியில் கை கழுவிக்கொண்டிருந்தார். இவர் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நேரே போய், மிச்ச ரவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அளக்கத் தொடங்கினார்.

ஐந்து நாள் அளந்தார். ஆறாம் நாள் குருவிடம் ஓடினார்.

“ரீச்சர், என்ரை ரவையில பிழை இருக்குமோ? அச்சை மாத்தட்டோ? விலை கூடின ஒண்டு வந்திருக்காம்.”

“உங்கட துவக்கில பூட்டுதோ?”

“வடிவாப் பூட்டுது.”

“அப்ப பூட்டாதது எது?”

“மனிசியின்ரை.”

நிரோஜா துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“ரெண்டு துவக்கோ, அண்ணை?”

“ரெண்டும் ஒரே அளவு, ரீச்சர். ஒரே கடை.”

“அளவு ஒண்டெண்டாலும் உள்ளறை துவக்குக்குத் துவக்கு மயிரளவு மாறும். அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவவின்ரை துவக்கையும் கொண்டு வாங்கோ.”

பின்னேரமே மூவரும் கராஜில் நின்றார்கள். குலசிங்கத்தார் கழுத்து அச்சில் நெருக்கிய வெறுங்கோது ஒன்றை நிரோஜா எடுத்து யோகராணியிடம் கொடுத்தார்.

“வைச்சுப் பூட்டுங்கோ, அக்கா.”

பூட்டு பாதியில் நின்றது. யோகராணி இறுக்கித் தள்ளினார். அவருடைய உள்ளங்கையில் கன்றிப்போன நீல அடையாளம் ஒன்று இருந்தது. அதைக் குலசிங்கத்தார் அப்போதுதான் கண்டார்.

“இப்ப நீங்கள், அண்ணை.”

கை பழகினவர் தள்ளினார். முகம் சிவக்கும்வரை தள்ளினார். பூட்டு அசையவில்லை.

“அண்டைக்கும் இப்பிடித்தான்,” என்றார் யோகராணி. “அந்த ஓநாய் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டது. என்ரை கைதான் பிழையாக்கும் எண்டு நினைச்சன்.”

நிரோஜா அந்தக் கோதை வெளியே எடுத்து, எண்ணெய் பூசி, முழுக் கோதையும் நெருக்குகிற அச்சில் போட்டு அழுத்தினார். துடைத்து யோகராணியின் துவக்கில் வைத்தார். பூட்டியது. குலசிங்கத்தாருடையதில் வைத்தார். அதிலும் பூட்டியது.

“அப்ப இதுதான் நல்ல அச்சு,” என்றார் குலசிங்கத்தார். மூச்சு வந்தது. வந்த கையோடு பழைய பயமும் வந்தது. “ஆனா ரீச்சர், இதால என்ரை குறி விலகுமோ?”

“கொஞ்சம் விலகும்.”

“எவ்வளவு?”

“நூறு யார் தூரத்தில ஒரு அரை விரல்.”

“அரை விரலோ.” அவர் தன் விரலைப் பார்த்தார். பாதியை மறைத்து அளந்தார். “ஓநாய் தூர நிண்டால் அந்த அரை விரலால தப்பிப் போயிடாதோ?”

நிரோஜா இரண்டாவது கோதை அச்சில் வைத்தார்.

“அது எனக்குத் தெரியாது, அண்ணை. அண்டைக்கு அது எவ்வளவு தூரத்தில நிண்டது எண்டு அக்காவைக் கேளுங்கோ.”