சங்கைக் கரைக்கும் மூச்சு

முன்னொரு காலத்தில் சங்குத்துறை என்ற கடலோர நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஒருநாள் மேல்மாடத்தில் உலாவப் போனவருக்குக் காட்டுப் பக்கமிருந்து வந்த கரிமூட்டப் புகை பட்டு இருமல் பிடித்துக்கொண்டது. மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த மாகாளிராயன், இதுதான் சமயமென்று ராஜாவின் காதில் ஓதினான். கரி எரியும்போது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு ஒன்று காற்றில் கலக்கிறதாம்; கரி சுடுகிறவர்கள் ஊரில் இருக்கும்வரை ராஜாவுக்கு ஆயுள் கெட்டியில்லையாம்.

"காற்றில் நஞ்சு விடுகிறவர் யாராயிருந்தாலும் கப்பலேற்றுங்கள்" என்று உத்தரவாயிற்று.

அது புயல் மாதம். போகும் கப்பல் திரும்புவது நிச்சயமில்லை. கைக்குழந்தைகளோடு துறையில் உட்கார்ந்திருந்த கரிக்காரக் குடும்பங்களைப் பார்த்துவிட்டு வந்த மந்திரி பொன்னம்பலத்துக்குச் சோறு இறங்கவில்லை. நேரே சபைக்குப் போய், அந்த நஞ்சைக் கண்ணால் பார்த்த பிறகு தண்டியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தோற்றால் அவரும் அதே கப்பலில் போக வேண்டும் என்றார் ராஜா.

சுண்ணாம்புத் தெளிநீரைத் திறந்து வைத்தால் வெள்ளை ஏடு படிவதை மந்திரி கவனித்திருந்தார். அந்த நீரைப் பளிங்குக் கிண்ணங்களில் ஊற்றி, கரியடுப்பின் காற்றைத் துருத்தியில் பிடித்து, நாணல் குழல் வழியே ஒன்றில் செலுத்தினார். நீர் பால்போல் வெளுத்தது.

"நான் சொன்னேனே" என்றான் மாகாளிராயன்.

"இந்த அடுத்த கிண்ணத்தில் நீங்கள் வாயால் ஊதுங்கள்" என்றார் மந்திரி.

அவன் ஊதினான். அதுவும் வெளுத்தது. சபை சலசலத்தது. மாகாளிராயன் விடவில்லை, முகம் சிவக்க ஊதிக்கொண்டே இருந்தான். வெண்மை மெல்லக் கலைந்து, நீர் பழையபடி தெளிந்துவிட்டது.

"என் மூச்சு சுத்தமானது" என்று கிண்ணத்தை உயர்த்திக் காட்டினான்.

இதை மந்திரி எதிர்பார்க்கவில்லை. ராஜாவின் கண் துறைப்பக்கம் திரும்பியது. வெண்மை எங்கே போயிருக்கும் என்று மந்திரி யோசித்தார். உப்பைப்போல் கரைந்துதான் இருக்க வேண்டும். அந்த நீரைச் சட்டியில் ஊற்றி அடுப்பிலேற்றினார். அது கொதிப்பதற்குள் அவருக்கு ஒரு யுகம் கழிந்தது. கொதித்த நீர் கலங்கி, அடியில் வெள்ளைப் பொடி படிந்தது. மாகாளிராயன் மூச்சின் வெண்மை போய்விடவில்லை, நீரில் கரைந்துதான் இருந்தது.

ராஜா தானே இறங்கிவந்து இன்னொரு கிண்ணத்தில் ஊதிப் பார்த்தார். அதுவும் வெளுத்தது.

"அப்படியானால் கப்பலில் முதல் ஆள் நானா?"

"இது நஞ்சல்ல, மகாராஜா. நாம் மூச்சில் விடுவதை இலை வாங்கி மரமாக்குகிறது. மரம் எரிந்தால் மறுபடி காற்றுக்கே போகிறது. கடலும் அதை வாங்கிக்கொள்கிறது. சங்கு அதைக்கொண்டு ஓடு கட்டுகிறது. தங்கள் தாம்பூலத்துச் சுண்ணாம்பு அந்தச் சங்கைச் சுட்டதுதான்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். குடும்பங்கள் வீடு திரும்பின. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. மாகாளிராயனுக்குக் காட்டில் மரம் நடும் வேலை கிடைத்தது. ஆனாலும் மந்திரியின் முகம் தெளியவில்லை. ஏன் என்று ராஜா கேட்டார்.

"மாகாளிராயன் அளவு மீறி ஊதியதும் வெண்மை கரைந்துபோயிற்றே, மகாராஜா. சங்கின் ஓடும் அதே வெண்மைதான். அடுப்புகள் பெருகிக் கடல் அளவு மீறி வாங்கினால் அந்த ஓடும் கரையுமே."

மரம் வளரும் வேகத்தை மிஞ்சி யாரும் கரி சுடக் கூடாது என்று ராஜா உத்தரவிட்டார். அரண்மனை அடுப்புகளில் பாதி அன்றைக்கே அணைந்தன.