கருங்காலி கொடுத்த கிளை

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது; அவை பேசுவது மனிதனுக்குப் புரியவும் செய்தது. மலையடிவாரத்தில் குடியேறிய கொம்பையன் என்பவன் இரும்பைக் காய்ச்சிக் கோடாலி ஒன்று அடித்தான். தலை மட்டும்தான் இருந்தது, காம்பு இல்லை. கையில் பிடித்து வெட்டினால் அவன் உள்ளங்கைதான் கிழிந்தது. காம்புக்கு ஒரு கிளை கேட்டுக் காட்டுக்கு வந்தான்.

மரங்கள் கூடிப் பேசின. "காம்பு கிடைச்சா நாம தொலைஞ்சோம். ஒருத்தரும் கிளை தரக்கூடாது" என்றது இலுப்பை. எல்லா மரங்களும் தலையாட்டின. கருங்காலியும் ஆட்டியது, மனதாரத்தான் ஆட்டியது. அதன்பின் கொம்பையனுக்கு உளுத்த குச்சிகள்தான் உதிர்ந்தன. அவற்றைச் செருகி வெட்டினால் முதல் வெட்டிலேயே முறிந்தன.

கருங்காலிக்கு வேறொரு கவலை. அதன் காலடியில் ஒரே ஒரு கன்று. பக்கத்து வேங்கை படர்ந்து நின்றதில் கன்றின்மேல் வெயிலே படவில்லை. இலை வெளுத்து, தண்டு துவண்டு, இன்றோ நாளையோ என்று நின்றது.

"அண்ணே, ஒரு கிளையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க. பிள்ளை பொழைச்சுக்கும்" என்றது கருங்காலி.

"காடே ஒத்துமையா நிக்கிற நேரத்துல உன் வீட்டுக் கதையை எடுக்காதே" என்றது வேங்கை.

மற்ற மரங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. ஒன்றும் வாய் திறக்கவில்லை. ஒற்றுமை பேசுகிறவர்களுக்குச் சில நேரம் காது மந்தமாகிவிடுகிறது, என்ன செய்ய!

கொம்பையனுக்குக் காது நன்றாகவே கேட்டது. கருங்காலியிடம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"எனக்கு அந்த வேங்கை ஒண்ணு போதும் தாயி. அதைச் சாய்ச்சா உன் பிள்ளைக்கு வெயில் வரும். ஒரே ஒரு கிளை குடு."

"வேற யாரையும் தொடமாட்டியே?"

"சத்தியமா."

கருங்காலி கன்றைப் பார்த்தது. காட்டைப் பார்க்கவில்லை. வைரம் பாய்ந்த தன் கிளையைத் தானே முறித்துக் கொடுத்தது.

வேங்கை விழுந்தது. கன்று தளிர் விட்டது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் இலுப்பை விழுந்தது, மருதம் விழுந்தது, மலைச்சரிவே வெட்டவெளியானது. விழுகிற ஒவ்வொரு மரமும் கோடாலிக் காம்பைப் பார்த்தது; பிறகு கருங்காலியைப் பார்த்தது. ஒன்றுகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அதற்கு.

கடைசியில் காம்பு தேய்ந்து ஆடத் தொடங்கியது. அதற்குள் கன்று கைக்கு அடக்கமாக, நேராக வளர்ந்திருந்தது. கொம்பையன் அதைத் தடவிப் பார்த்தான்.

"சத்தியம் பண்ணினியேப்பா!" என்று பதறியது கருங்காலி.

"அப்ப உன்கிட்டக் கேக்க வேண்டியிருந்துச்சு தாயி. இப்ப எங்கிட்டக் கோடாலி இருக்கே."

தாயின் கிளையே பிள்ளையை வெட்டியது. கருங்காலி கதறியது. கேட்பதற்கு ஒரு மரம் இல்லை. கதறிக் கதறி அதன் வாய் அடைத்தது, நெஞ்சு கருகிப்போனது.

அன்று முதல்தான் மரங்கள் பேசுவதில்லை. கருங்காலியை அறுத்தால் உள்ளே கன்னங்கரேல் என்றிருக்கிறது. வேலைநிறுத்தத்தில் எல்லோரும் ஆலை வாசலில் நிற்கும்போது ஒருவன் மட்டும் பின்கதவு வழியே வேலைக்குப் போனால், அவனைக் "கருங்காலி" என்று ஏசுவதும் அன்று முதல்தான். அவன் வீட்டில் வாடிக் கிடந்த கன்றைப் பற்றி மட்டும், அன்று போலவே இன்றும், யாரும் கேட்பதில்லை.